ரோஜா இலையில் கத்திரி வெட்டு

இது கடி இல்லை, வெட்டு. இலையைத் திருப்பி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், சத்தியமாக வெட்டு. புழு தின்றால் ஓரம் பிசிறும், நரம்பை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சல்லடை ஆக்கிவிடும், வெட்டுக்கிளி என்றால் கண்டபடி கிழிந்து தொங்கும், இதில் அப்படி ஒன்றுமே இல்லை, கழுத்து வளைவு வெட்டின மாதிரி ஒரே இழுப்பில் அரைவட்டம், விரல் வைத்துத் தடவினால் நகத்தில் ஒன்றும் மாட்டவில்லை. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக நிற்கிறவனுக்கு வெட்டு தெரியாதா, துணி அடுக்கில் மெஷின் போகிற சத்தத்தை வைத்தே கத்தி மழுங்கிவிட்டது என்று சொல்கிற ஆள் நான், லோகு மாஸ்டர் கை வைத்தால் கைக்குழி ஒரு நூல் தப்பாது என்று கம்பெனியில் பேச்சு. ஆனால் யார் வெட்டினது? நேற்றுக் காலையில் தண்ணீர் ஊற்றும்போது நாலைந்து இலைதான் இப்படி இருந்தது, இன்றைக்குச் செடி முழுக்க. அதுவும் இன்றைக்கு. இன்றைக்குப் பார்த்தா. கோகிலா வருகிறாள், பிரசவத்துக்குப் போனவள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், அந்தியூரிலிருந்து கார் கிளம்பியாச்சு என்று மாமனார் போன் போட்டாச்சு. வந்ததும் வீட்டுக்குள்ளேயா போவாள், நேராக இந்த ரோஜாவுக்குத்தான் வருவாள், அவள் கையால் நட்ட செடி, காப்பி குடிக்கிறதற்கு முன்னாடி இதன் முகத்தைத்தான் பார்ப்பாள். நெஞ்சு படபட என்று அடிக்கிறது, சந்தோஷத்தாலா பயத்தாலா தெரியவில்லை, ரெண்டும் ஒரே இடத்தில்தான் அடிக்கிறது போல.

போகிற அன்றைக்குக் கேட்டில் நின்றுகொண்டு வயிற்றைப் பிடித்தபடி சிரித்தாள். "மாமா, நீங்க துணியப் பாப்பீங்க, உசுரப் பாக்க மாட்டீங்க. செடியெல்லாம் நான் வரும்போது குச்சியாத்தான் நிக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னதுதான், ஆனாலும் அது போகவில்லை உள்ளேயிருந்து, கம்பெனியில் துணியை விரிக்கும்போது வந்து நிற்கும், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் வந்து நிற்கும். உசுரப் பாக்க மாட்டீங்க. ஏன் சொன்னாள் என்றும் தெரியும், கல்யாணம் ஆன புதிதில் ஊர்த் திருவிழாவுக்குப் போனவள் மல்லிகைக் கொடியை என் பொறுப்பில் விட்டுப்போனாள், நான் மறந்தே போனேன், நாலு நாள் வெயிலில் அது சணல் கயிறு மாதிரி ஆகிவிட்டது, அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை, கொடியைப் பிடுங்கிச் சுருட்டி ஓரமாக வைத்தாள், அவ்வளவுதான். அதனால் இந்தத் தடவை விடவில்லை நான். முதலில் செம்பருத்தியில் மாவு கொட்டின மாதிரி வெள்ளை வெள்ளையாக வந்தது, நான் தூசி என்று நினைத்தேன், அவள் வாட்ஸப்பில் படத்தைப் பார்த்துவிட்டு "அய்யோ மாமா, மாவுப்பூச்சிங்க, எறும்பு ஏறுதா பாருங்க" என்றாள், பார்த்தேன், எறும்பு வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தது. பழைய பல் தேய்க்கிற பிரஷில் சோப்புத் தண்ணி தொட்டு ஒவ்வொரு கணுவாகத் தேய்த்தேன், பூச்சி ரொம்பப் பிடித்திருந்த நுனிகளை வெட்டிப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன், மறுபடி வந்தது, மறுபடி தேய்த்தேன். அப்புறம் ரோஜாவில் கறுப்புக் கறுப்பாகப் பொட்டு, பொட்டைச் சுற்றி மஞ்சள், இலை தொட்டால் உதிரும். அது பூச்சி இல்லையாம், பூஞ்சை, ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருந்தால் வருமாம், நான் கம்பெனி விட்டு வந்து சாயங்காலம் குழாயைப் பிடித்துத் தலையோடு குளிப்பாட்டியிருக்கிறேன் பாசத்தில். அதற்கப்புறம் வேரில் மட்டும்தான் தண்ணீர், விழுந்த இலையை ஒன்று விடாமல் பொறுக்கிவிடுவேன். வேப்பெண்ணெய் கரைத்து அடிக்கச் சொன்னாள், அடித்தேன், உச்சி வெயிலில் அடித்தேன், மறுநாள் இலை ஓரமெல்லாம் இஸ்திரிப் பெட்டி பட்ட மாதிரி கருகிப்போய் நின்றது. அன்றைக்கு நான் அழுததை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் துளிர் விட்டதே! வெயில் தாழ்ந்த பிறகு அடிக்கக் கற்றுக்கொண்டு, சோப்புத்தூள் அளவு கற்றுக்கொண்டு, பட்டுப்போனதை வெட்டிவிட்டதும் அடிக்கணுவிலிருந்து சிவப்பாக ஒரு துளிர், எலி வால் மாதிரி, அதைப் பார்த்த அன்றைக்குக் கம்பெனி போகிற வழியெல்லாம் வண்டியில் பாடிக்கொண்டே போனேன். அந்தத் துளிர்தான் வளர்ந்து இப்போது இடுப்பு உயரம், மூன்று மொட்டு, ஒன்று இன்றைக்கோ நாளைக்கோ விரியும். அதன் இலையில்தான் இந்தக் கத்திரி வெட்டு.

யாராவது வேண்டுமென்றே செய்கிறார்களா? எதிர் வீட்டுக்காரம்மா கோகிலாவிடம் பதியன் கேட்டுக் கிடைக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது ஞாபகம் வருகிறது, சே, என்ன புத்தி இது, அந்தம்மா முழங்கால் வலியோடு சுவர் ஏறிக் குதித்து இலையை அரைவட்டமாக வெட்டிக்கொண்டு போகுமா. இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கிறேன். அட. ஒரே மாதிரி இல்லை வெட்டு, ரெண்டு மாதிரி இருக்கிறது. ஒன்று சுத்த வட்டம், சட்டைப் பித்தானை வைத்து வரைந்த மாதிரி. இன்னொன்று நீள்வட்டம், கொஞ்சம் பெரிசு. ரெண்டே அளவு, எல்லா இலையிலும் அதே ரெண்டு அளவு. முதுகில் சிலிர்க்கிறது எனக்கு. தின்கிறவன் அளவு பார்ப்பானா? இது பசி இல்லை, இது பேட்டர்ன். யாரோ எதையோ தைக்கிறார்கள், ரெண்டு துண்டு வெட்டுகிறார்கள், நீளத்துண்டு உடம்புக்கு, வட்டத்துண்டு மூடிக்கு. என்ன தைக்கிறார்கள், எங்கே தைக்கிறார்கள்? லோகநாதா, தாடி எடுக்கவில்லை, வீடு கூட்டவில்லை, தொட்டிலுக்குக் கொக்கி மாட்டினாய் சரி, கேட்டுக்குத் தாழ்ப்பாள் எங்கே?

தாழ்ப்பாள். அது வேறே இருக்கிறது. கேட் தாழ்ப்பாள் உடைந்து வெகுநாளாகிறது, கயிற்றைத்தான் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறோம், தெருநாய் மூக்கை விட்டுத் தள்ளினால் திறந்துகொள்ளும். "பாப்பா வரதுக்குள்ள அத மட்டும் செஞ்சு வெச்சுருங்க மாமா, வேற ஒண்ணும் கேக்கல" என்று போன ஞாயிற்றுக்கிழமைகூடச் சொன்னாள். வாங்கியாச்சு, இதோ புதுத் தாழ்ப்பாள், கனமான இரும்பு, ஸ்குரு டிரைவர் இதோ, மாட்டுகிற வேலைதான் பாக்கி, தூணில் பழைய ஓட்டை அப்படியே இருக்கிறது, அதிலேயே போய் உட்காரும். இலைக்கு? இலைக்கு மருந்து ரெடி. பக்கத்து வீட்டுப் பொன்னுசாமி அண்ணன் நேற்றே சுவருக்கு மேலே நீட்டினார், அவர் காட்டில் சின்ன வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்து, பாட்டில் மூடியைத் திறக்காமலே மூக்கைச் சுரண்டுகிறது. "ஒரு மூடி ஊத்திக் கலக்கி அடிச்சுடு லோகு. என்ன பூச்சியா இருந்தாலும் ஒண்ணு தங்காது" என்றார். ஒன்று தங்காது. பம்ப்பும் அவரே கொடுத்தார், அதுவும் நிறைத்து வைத்திருக்கிறேன் தண்ணீர், மருந்து ஊற்ற வேண்டியதுதான். ஆனால் பாப்பா வரப்போகிற வீட்டு வாசலில் இதை அடிக்கலாமா, காற்று உள்ளே போகாதா, அடிக்காவிட்டால் கோகிலா இந்தச் சல்லடையைப் பார்த்து என்ன நினைப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள், அன்றைக்கு அந்தக் கொடியைச் சுருட்டும்போது பார்த்த மாதிரி ஒரு தடவை பார்ப்பாள், அதைத் தாங்க முடியாது. பாட்டிலைக் கையில் எடுக்கிறேன். போன் அடிக்கிறது.

மாமனார்தான். "மாப்ளே, குன்னத்தூர் வந்துட்டமுங். பாப்பா தூங்குது. பெருமாநல்லூர்ல ஒரு டீயக் குடிச்சுப்போட்டு வந்தர்றமுங்." பின்னால் காற்றுச் சத்தம், அதற்குள்ளே ஒரு சின்ன முனகல், பூனைக்குட்டி மாதிரி, அது என் மகள். என் மகள் என்று மனசுக்குள் சொல்லும்போதுகூடக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, யாரோ கடன் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி. ஞாயிறு தவறாமல் போய்ப் பார்த்தேன், ஆனால் தூக்கினேன் என்றா சொல்ல முடியும், பாய்மேல் சப்பணம் போட்டு உட்காரவைத்து மடியில் வைப்பார்கள், அத்தை, அதான் கோகிலாவின் அம்மா, அடியில் கையைக் கொடுத்திருப்பார், நான் மூச்சு விடுவதற்குள் "பால் குடிக்கோணும்" என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. அந்தக் கழுத்து நிற்காது, தலை எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாது, துணியென்றால் தப்பாக வெட்டினால் வேறு துணி. இனி இந்த வீட்டில் அத்தை இருக்க மாட்டார், நாலு நாளில் ஊருக்குப் போய்விடுவார், கோகிலா குளிக்கப் போவாள், பாப்பா அழும், நான்தான் போகவேண்டும். உசுரப் பாக்க மாட்டீங்க. பாட்டில் மூடியில் கை வைத்துத் திருகப் போகிறேன், அப்போதுதான் அந்தச் சத்தம், தையல் மெஷினைத் தூரத்தில் ஓட்டுகிற மாதிரி, ர்ர்ர் என்று ரோஜாமேல் வந்து இறங்குகிறது ஒன்று.

தேனீ மாதிரி இருக்கிறது, ஆனால் தேனீ இல்லை, கொஞ்சம் தடிப்பு, உடம்பு சாம்பல் கறுப்பு, வயிற்றுக்கு அடியில் மட்டும் மஞ்சள் பொடி அப்பிக்கொண்டிருக்கிறது. ஒரு இலையில் உட்கார்ந்து பார்த்தது, பிடிக்கவில்லை, அடுத்ததில் உட்கார்ந்தது, அதுவும் வேண்டாம், மூன்றாவது இலையின் ஓரத்தைக் காலால் கவ்விக்கொண்டது, துணி தேர்ந்தெடுக்கிறது பாருங்களேன், முற்றினதும் வேண்டாம் ரொம்பத் தளிரும் வேண்டாம். அப்புறம் வாயை வைத்தது, வைத்ததுதான் தெரியும், அப்படியே வளைந்து வளைந்து தன்னைச் சுற்றியே வெட்டிக்கொண்டு போகிறது, கோடு போடாமல், அளவு வைக்காமல், இலையோடு சேர்ந்து விழுந்துவிடும் என்று நான் பயப்படும்போதே துண்டு கழன்றது, கழன்ற நொடியில் இறக்கை விரிந்தது, துண்டை வயிற்றுக்கடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பச்சைக் கம்பளத்தில் ஏறிக்கொண்டு போகிற மாதிரி என் காதோரமாகப் பறந்து போகிறது. நான் சிரிக்கிறேன், சத்தமாகச் சிரிக்கிறேன், தெருவில் போகிற பால்காரர் திரும்பிப் பார்க்கிறார். அடி ஆத்தாடி, நீயா, நீயா கட்டிங் மாஸ்டர்! எங்கே போகிறாய், நில்லு. பின்னாலேயே ஓடுகிறேன், லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, அது குழாயைத் தாண்டி, துளசி மாடத்தைத் தாண்டி, கேட் தூணுக்கு முன்னால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, தாழ்ப்பாள் ஓட்டைக்குள் இலையோடு நுழைந்து காணாமல் போகிறது.

தாழ்ப்பாள் ஓட்டைக்குள். சிரிப்பு நின்றுபோகிறது, ஏனென்றால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால், விடிந்தவுடனே, புதுத் தாழ்ப்பாள் அளவு சரியாக இருக்கிறதா என்று அந்த ஓட்டையில் நான் ஒரு தடவை விட்டுப் பார்த்தேன். எதுவோ மெத்தென்று தடுத்தது. பஞ்சடைத்திருக்கிறது என்று நினைத்துத் தாழ்ப்பாளை வெளியே உருவி ஓரமாக வைத்துவிட்டேன். இப்போது போய் அந்த இரும்பைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன், நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கிறது, பிசுபிசு என்று, முகர்ந்தால் பூ வாசம், கூடவே தேன். தூணுக்கடியில் குனிந்து தேடுகிறேன். கிடக்கிறது, இரும்போடு வந்து விழுந்திருக்க வேண்டும், பீடி மாதிரி ஒரு இலைச் சுருள், ஒரு பக்கம் நசுங்கி. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்கிறேன், நீளத்துண்டு மேல் நீளத்துண்டு வைத்துச் சுற்றி, அடியிலும் மேலிலும் வட்டத்துண்டு வைத்து மூடி, தையலே தெரியாத தையல். நசுங்கின பக்கம் பிரிந்திருக்கிறது, உள்ளே அந்த மஞ்சள் களி, களிமேல் வெள்ளையாக ஒன்று, நொய்யரிசியைவிடச் சின்னது, கொஞ்சம் வளைந்து. முட்டை. இலையைக் கெடுக்கிறது கெடுக்கிறது என்று நான் குதித்தேனே, ஒரு இலைகூட அது தின்னவில்லை, பிள்ளைக்குத் தொட்டில் கட்டிக்கொண்டிருக்கிறது, தொட்டிலுக்குள்ளேயே சோறும் வைத்து மூடுகிறது, நான் இரும்பை விட்டுக் குத்தியிருக்கிறேன். செத்துவிட்டதா, இருக்கிறதா? வெள்ளை உடைந்த மாதிரி தெரியவில்லை, ஆனால் எனக்கு என்ன தெரியும். அந்தப் பூச்சி ஓட்டையிலிருந்து வெளியே வருகிறது, நசுங்கின இலைத் துணுக்கு ஒன்றை வாயால் இழுத்து வந்து கீழே போடுகிறது, மறுபடி உள்ளே, மறுபடி ஒரு துணுக்கு. என்னைக் கொட்டப்போகிறது என்று நின்றேன். கொட்டவில்லை. திட்டவுமில்லை. சுற்றிவிட்டு மறுபடி ரோஜாவுக்கே போகிறது, அடுத்த இலை வெட்ட. அடேயப்பா. அப்படியே நின்றுகொண்டிருக்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உடம்பெல்லாம் என்னவோ பொங்குகிறது, யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும், இப்போதே சொல்லவேண்டும், கோகிலா எங்கே, இன்னும் டீயா குடிக்கிறார்கள்?

"ஏப்பா லோகு, அடிச்சாச்சா?" பொன்னுசாமி அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கம் பல் குச்சியோடு நிற்கிறார். "இல்லீங்ண்ணா, வேண்டாமுங்ண்ணா" என்று பாட்டிலைத் திருப்பி நீட்டுகிறேன். "ஏன், செடி போயிருமப்பா." "போகாதுங்ண்ணா. செடி நல்லா இருக்குதுங். மொட்டப் பாருங், தண்டப் பாருங், ஒரு வாட்டம் இருக்குதுங்களா? எலைதான் கொஞ்சம் கொறையுது, வேற எல வரும்." பேசப் பேச எனக்கே அது உறைக்கிறது, ஆமாம், மொட்டு கனத்திருக்கிறது, தண்டு பச்சை, அடியில் புதுத் துளிர், கறுப்புப் பொட்டு இல்லை, மாவு இல்லை, செடிக்கு வியாதியே இல்லை. வியாதிக்கு மருந்து கொடுக்கலாம், வியாதி இல்லாததற்கு? அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பாட்டிலை வாங்கிக்கொண்டார், "அப்பனாயிட்டியல்ல, மண்டை சூடாயிருக்குது, போயிக் குளி" என்றார். குளிக்க வேண்டும்தான், நேரமில்லை. சுருளை என்ன செய்ய? ஓட்டைக்குள் விரலால் தள்ளினால் உள்ளே இருக்கிறதும் நசுங்கும், வெளியே போட்டால் எறும்பு தூக்கும். அந்தப் பூச்சி ரோஜாவுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து ஓட்டை வாயோரமாக, அது நுழைய வழி விட்டு மெதுவாக, பூ வைக்கிற மாதிரி வைத்துவிட்டு விலகி நிற்கிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன், முழங்கை வரைக்கும் கழுவுகிறேன், நகத்துக்குள் வேப்பெண்ணெய் வாசம் போகவே மாட்டேனென்கிறது, மறுபடி கழுவுகிறேன். தாழ்ப்பாள் இன்றைக்கு மாட்ட முடியாது. கேட்டுக்குக் கயிறுதான். சொன்ன ஒரே வேலையைச் செய்யவில்லை, இலையையும் காப்பாற்றவில்லை, வீடும் கூட்டவில்லை, ஆனாலும் ஏன் இப்படிக் குதிக்கிறது உள்ளே, தெருமுனையில் ஹாரன்.

வெள்ளைக் கார். முதலில் அத்தைதான் இறங்குகிறார், கூடை, பை, ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீர் கலக்கின தூக்குவாளி, எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு மறு கையைக் கேட்டில் வைக்கிறார். "ஏனுங் மாப்ளே, இன்னுங் கயித்தையே கட்டி வெச்சிருக்கறீங்? தாழ்ப்பாள் வாங்கலீங்களா?" "வாங்கிட்டனுங் அத்தை. கேட்டத் தள்ளாதீங், கொஞ்சம் மெதுவா, தூண்ல மோதாதீங்." மாமனார் டிக்கியிலிருந்து தேங்காய்ச் சாக்கை இறக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறார். அவர்களுக்குப் பின்னால் கோகிலா. கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு, தோளில் மஞ்சள் துண்டு, துண்டுக்குள் அந்தச் சின்னத் தலை. என்னைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தவள் என்னைத் தாண்டிப் பார்த்துவிட்டாள். நினைத்தபடியே. ஆரத்திக்கு நிற்கச் சொன்ன அத்தையின் பேச்சு காதில் ஏறவில்லை அவளுக்கு, நேராக ரோஜாவிடம் போனாள், இலையைத் தொட்டாள், திருப்பினாள், முகம் மாறினது. "இதாருங்க மாமா வெட்டுனது?" குரல் உடைந்திருந்தது. "இத்தன அழகா வளத்து வெச்சிருந்தீங்க, போட்டோல பாத்தனே, என்னாச்சுங்க?" இத்தன அழகா வளத்து என்றாள். காதில் விழுந்ததா எனக்கு? விழுந்தது, அதைப் பிறகு எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். "ஷ்ஷ்" என்கிறேன். "சத்தம் போடாத. இங்க வா. தூணுகிட்ட வா. அந்த ஓட்டையப் பாரு." "என்னங்க மாமா, பாம்பா?" "பாம்பில்ல. பாரு."

வராது என்று நினைத்தேன், இத்தனை பேர் கூடி நிற்கிற இடத்துக்கு எப்படி வரும். அத்தை ஏதோ கேட்கிறார், டிரைவர் வாடகைக்கு நிற்கிறார், வா, ஒரே ஒரு தடவை வா. வந்தது. ர்ர்ர் என்று எங்கள் எல்லாருக்கும் நடுவில், வயிற்றுக்கடியில் பச்சைத் துண்டைச் சுருட்டிக்கொண்டு, கோகிலாவின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி வந்து தொங்கினது, ஓட்டையைப் பார்த்தது, நுழைந்தது. கோகிலா வாயைத் திறந்தபடி நிற்கிறாள். "எலையில கூடு கட்டுது" என்கிறேன், மூச்சு வாங்குகிறது, "உள்ள முட்ட, முட்டைக்குப் பூந்தூளுச் சோறு, ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனியாச் சுருட்டி மூடி வெச்சிருக்குது, நான் பாத்தேன், தாழ்ப்பாள் அங்க மாட்டுனா நசுங்கிருமில்ல, அதனாலதான் மாட்டல, கீழ வேற ஓட்டை போட்டு மாட்டிர்றேன், மருந்தும் அடிக்கல, செடிக்கு ஒண்ணுமில்ல, கோவிச்சுக்காத." எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்து நான் பார்த்ததே இல்லை, கண் முழுக்கத் தண்ணீரும் சிரிப்பும், நான்தான் இந்தப் பூச்சியைச் செய்து வைத்திருக்கிற மாதிரி. "தனித்தனியாவா?" என்றாள். "நான் பாக்கோணும். மாமா, இவளப் புடிங்க" என்று, பையை நீட்டுகிற மாதிரி, சந்தைக்கூட்டத்தில் நெருங்கி நிற்கிறவனிடம் யோசிக்காமல் கொடுக்கிற மாதிரி, பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு ரெண்டு கையையும் தூணில் ஊன்றி ஓட்டைக்குக் கண்ணைக் கொண்டுபோனாள். நின்றபடி இருக்கிறேன். பாய் இல்லை, மடி இல்லை, அடியில் யார் கையும் இல்லை. இத்தனை சூடாகவா இருக்கும், இத்தனை லேசாகவா, தலை பின்னால் சாய்கிறது, சாய்வதற்கு முன்பே என் உள்ளங்கை அங்கே போய் நிற்கிறது, யாரும் சொல்லிக் கொடுக்காமல். கண்ணை விழித்தாள். கறுப்பாக, ஈரமாக, எங்கேயோ பார்க்கிற கண் என் முகத்தில் வந்து நின்றது. அத்தை தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருகிறார். "கழுத்து, மாப்ளே, கழுத்து! கழுத்தப் புடிங்!"

"புடிச்சிருக்கறனுங் அத்தை" என்கிறேன்.